போரோங் விலைக்குக் கேட்ட எழுத்து

புந்தோங், ஈப்போ
9 செப்டம்பர் 2025, செவ்வாய்

தம்பி தனேஷுக்கு,

கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நம்முடைய வலைத்தளத்தில் நீ போட்டுவைத்த எழுத்து, காசு கொடுத்து வாங்காத எழுத்தாம். கெல்பிரான் சான்ஸ் என்று அதற்கு ஒரு பெயராம். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அதை எடுத்துவிட்டு, எடுத்ததற்கு அத்தாட்சியோடு பதில் எழுத வேண்டும். தவறினால் முதலில் வலைத்தளத்தை மூட வைப்பார்கள். அதற்கப்புறம் கோர்ட்.

இரண்டு வருஷமாக நாம் பேசவில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குத் தெரியும், நான் இந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். அவர்கள் நம் வலைத்தளத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நோட்டீஸோடு வைத்திருக்கிறார்கள். முறுக்குப் பக்கம், மிளகாய்த்தூள் பக்கம், என் படம் போட்ட பக்கம், எல்லாம். எனக்குத் தெரியாமல் இவ்வளவு பார்த்தவர்களுக்கு என் ஃபோனை ஒட்டுக்கேட்க எவ்வளவு நேரமாகும்? அதனால் அர்ச்சுனன் வேனில் தெலுக் இந்தான் பாசாருக்குச் சரக்கு வரும்போது ஓமப்பொடித் தகரத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். செவ்வாயும் வெள்ளியும் வருவான். பதிலை அவனிடமே கொடு. ஃபோன் பண்ணாதே.

கடையில் ஆர்டர் பார்க்கும் குமுதாதான் நோட்டீஸைப் படித்துச் சொன்னாள். பாதி படிக்கும்போதே அவள் குரல் மாறிவிட்டது. "அக்கா, தீபாவளி ஆர்டர் முழுக்க இதுலதானே வருது. மூடிட்டா எங்க கதி என்னக்கா?" என்றாள். அடுப்படியில் இருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் "ஒண்ணும் ஆவாதுலா, எண்ணெயப் பாருங்க" என்றேன். 

எஸ்டேட்டை விற்றபோது நாம் குடியிருந்த லயத்துக் கதவில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டினார்கள். நீ அப்போது நடக்கக்கூடப் பழகவில்லை. அந்தத் தாளுக்குப் பிறகு தண்ணீரை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு கரண்ட், அதற்குப் பிறகு நாம் லாரியில் இருந்தோம். இங்கிலீஷில் தேதி போட்டு வரும் தாள் எதில் முடியும் என்று நான் பார்த்தவள்.

அது என்ன எழுத்து, எங்கிருந்து எடுத்தாய், இப்போது என்ன செய்ய வேண்டும், மூன்றையும் எழுது.

வீரம்மா


தெலுக் இந்தான்
12 செப்டம்பர் 2025, வெள்ளி

அக்கா,

எங்கிருந்து எடுத்தேன் என்றா கேட்கிறீர்கள்? நீங்கள் எடுக்கச் சொன்ன இடத்திலிருந்துதான் எடுத்தேன். "இந்த எழுத்துருவுக்கு உரிமம் வாங்கணும்க்கா" என்று நான் வந்து நின்றபோது, வேலைக்காரப் பெண்கள் முன்னால் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "எழுத்துக்குக் காசா? நாளைக்கு மூச்சுக்கும் பில்லு போடுவான்லா. இன்டர்நெட்டுல சும்மா கெடைக்கும், தேடு." தேடினேன். கிடைத்தது. சம்பளம் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வலைத்தளத்தில் எழுத்து அழகாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த எழுத்துருவின் கோப்பு நம் தளத்திலேயே இருக்க வேண்டும். யார் நம் பக்கத்தைத் திறந்தாலும் அது அவர்கள் ஃபோனுக்குப் போய் இறங்கும். அதாவது, வாங்காத சரக்கை நாம் வருகிறவர்களுக்கெல்லாம் விநியோகம் பண்ணிக்கொண்டிருந்தோம். அதைத்தான் அவர்கள் பிடித்திருக்கிறார்கள். உள்ளே யாரும் வரவில்லை. எல்லாமே வாசலில் கிடந்தது.

கெல்பிரானில் தமிழும் ஆங்கிலமும் ஒரே சாயலில் இருக்கும். ஒல்லியான, நெருக்கமான எழுத்து. நீளமான தமிழ்ப் பெயர்களும் ஒரே வரியில் அடங்கும். அதுபோல இலவசமாக, சட்டப்படி கிடைப்பது இருக்கிறதா என்று தேடுகிறேன். நீங்கள் மாற்றிய கடவுச்சொல் எனக்கு வேண்டும்.

ஒன்று மட்டும் கேளுங்கள். அவர்களுக்கு எந்தப் பதிலும் எழுதாதீர்கள். ஒரு வரிகூட. எழுத்துருவை எடுத்த பிறகுதான் பதில்.

நான் சும்மா சொல்லவில்லை. இங்கே விமலாதேவி அக்காவின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது என் பென்டிரைவில் இருந்ததையெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதில் கெல்பிரானும் இருக்கிறது. இது இங்கே வரைக்கும் வந்தால், கோர்ட்டுத் தாள் வருவது அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான். நேற்று கடைக்கு முன்னால் ஒரு கார் நின்றது. நான் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். பிறகு பார்த்தால் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள்.

தனேஷ்


புந்தோங்
16 செப்டம்பர் 2025, செவ்வாய்

தம்பி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் பதில் அனுப்பிவிட்டேன்.

திட்டுவதற்கு முன் முழுதும் படி. வியாழக்கிழமை காலையில் குமுதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் தமிழில் சொல்ல, அவள் இங்கிலீஷில் அடித்தாள். மறைத்துப் பேசினால் வியாபாரம் முடியாது. அதனால் பயன்படுத்தியது உண்மை என்றேன். பிறகு பேரத்துக்கு வந்தேன். எங்களுக்கு மட்டும் இல்லை, எங்கள் வட்டாரத்தில் இன்னும் பத்து இடத்தில் இதே எழுத்துதான் ஓடுகிறது, மொத்தம் பதினொன்று, எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொள்கிறோம், மொத்தமாக எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கும் போரோங் விலை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். வெறும் எண்ணிக்கை சொன்னால் நம்பமாட்டார்கள் என்று பெயர்களையும் கொடுத்தேன். சிலிபினில் மாயாண்டியின் டயர் கடை, ரெண்டு தையற்கடை, டியூஷன் சென்டர், பூக்கடை, நம் கோயில், எல்லாம்.

நீதான் அவர்கள் எல்லாருக்கும் வலைப்பக்கம் போட்டுக் கொடுத்தாய். நான்தான் கொடுக்கச் சொன்னேன். அது தப்பாக எனக்குப் படவில்லை.

அப்பா கதை உனக்குத் தெரியாது. தாள் ஒட்டிய மறுநாள் அப்பா தனியாக எஸ்டேட் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் போனார். கிராணி கையை நீட்டிய கதவு வழியாக வெளியே வந்தார். மேட்டு லயத்துக்காரர்கள் எல்லாக் குடும்பமும் சேர்ந்து போனார்கள். அவர்களுக்குத் தாமான் குடியிருப்பில் வீடு கிடைத்தது. நமக்கு லாரிதான். அன்றிலிருந்து நான் எதையும் தனியாகப் போய்க் கேட்டதில்லை. சீனி வாங்கினாலும் நாலு கடையைச் சேர்த்துக்கொண்டுதான் போவேன். இந்தக் கடை அப்படித்தான் வளர்ந்தது.

ஆனால் பதில் நான் நினைத்தபடி வரவில்லை. நேற்று வந்தது. ஒரே வரி. "தகவலுக்கு நன்றி. பெயர்களைக் குறித்துக்கொண்டோம்."

விலை இல்லை. பேச்சு இல்லை. குறித்துக்கொண்டோம் என்றால் என்ன அர்த்தம்?

நேற்று மத்தியானம் நீளக்கைச் சட்டை போட்ட ஒரு ஆள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று கடைப் பலகையைப் படம் எடுத்தான். உள்ளே வரவில்லை. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். வாடிக்கையாளர்கள் குனிந்து உள்ளே வருகிறார்கள்.

கடவுச்சொல் தனித்துண்டில், தகரத்தின் அடியில் இருக்கிறது. படித்ததும் கிழித்துவிடு.

வீரம்மா


தெலுக் இந்தான்
19 செப்டம்பர் 2025, வெள்ளி

அக்கா,

திட்டப்போவதில்லை. திட்ட எனக்குத் தெம்பில்லை. உங்கள் கடிதத்தை அச்சகத்துக் கழிவறையில் நின்று படித்தேன். வெளியே வந்தபோது விமலாதேவி அக்கா, "என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

குறித்துக்கொண்டோம் என்றால் ஒன்றுக்குப் பதிலாகப் பதினொரு நோட்டீஸ் வரப்போகிறது என்று அர்த்தம். அவர்கள் சீனி வியாபாரி இல்லை அக்கா. பதினோரு பேர் சேர்ந்து வந்தால் சீனிக்காரனுக்குப் பதினோரு வாடிக்கை. இவர்களுக்குப் பதினோரு வழக்கு. கோயிலையுமா கொடுத்தீர்கள்? சதாசிவம் ஐயா கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை வாங்கும் பக்கம் அது.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். என் பெயரை எழுதினீர்களா?

வேலையைத் தொடங்கிவிட்டேன். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து இருக்கிற இலவச எழுத்துருக்கள் மூன்றை எடுத்துப் பார்த்தேன்: முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை. நம் கடையிலேயே நீளமான பெயர் "கறிவேப்பிலை அரிசி முறுக்கு அரைக் கிலோ". அதையே மூன்றிலும் அடித்து, பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எடுத்தாலும் கெல்பிரானின் அச்சு அசல் இல்லை. அப்படி இருக்கவும் தேவையில்லை. வாடிக்கையாளருக்குக் கடை அதே கடையாகத் தெரிந்தால் போதும். முக்தா மலர் நன்றாக இருக்கிறது. இன்று அதை ஏற்றுகிறேன், பழைய கோப்பை அழிக்கிறேன்.

பென்டிரைவை உடைத்து ஆற்றில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் தோன்றியது, விமலாதேவி அக்காவின் மெஷினில் அது அப்படியே இருக்கிறது.

தனேஷ்


புந்தோங்
23 செப்டம்பர் 2025, செவ்வாய்

தம்பி,

பத்துப் பேருக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது. அதே தேதி, அதே முப்பது.

மாயாண்டி மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே கத்தினான். "வீரம்மாக்கா, நான் டயர் விக்கிறவன். எழுத்து எப்படி இருக்குன்னு எவன் பாத்தான்? என்னைய ஏன் உள்ள இழுத்தீங்க?" சதாசிவம் ஐயா கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டீஸை மேசையில் வைத்து, "அம்மா, கோயில் பேருல கோர்ட்டு வந்தா ஜனங்க என்ன நெனைப்பாங்க? காச எங்க வெச்சானுங்கன்னுதான் கேப்பாங்க" என்றார். அவர் போன பிறகு நான் ஷட்டரை முழுதும் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நான் கூட்டிப்போனவர்கள் என்னால் தெருவுக்கு வந்தால், அது அப்பாவுக்கு நடந்ததைவிட மோசம்.

நீ மாற்றிய எழுத்து வந்துவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் சனிக்கிழமையிலிருந்து ஃபோனில் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. தளத்தை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக் குமுதா அழுதுவிட்டாள். பிறகு அவளே பார்த்துச் சொன்னாள், "கூடையில் சேர்க்க" என்ற எழுத்து அகலமாகி, பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டதாம். தொட இடமில்லை. சரி பண்ணு.

இன்னொன்று. இலவசம் என்கிறாயே, அதுதான் எனக்கு இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. போன தடவையும் சும்மா கிடைத்தது என்றுதான் எடுத்தோம். எவனாவது ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுத்து எழுத்தாக வரைந்து, இந்தா எடுத்துக்கொள் என்று கொடுப்பானா? என்ன லாபம் அவனுக்கு? சரக்கைச் சும்மா கொடுக்கிறவனிடம் நான் பத்துக் கேள்வி கேட்பேன். ரெண்டு வருஷம் கழித்து இன்னொரு நோட்டீஸ் வராது என்று எனக்குக் காட்டு.

உன் பெயரைக் கேட்டாய். எழுதினேன். குமுதா வேண்டாம் என்றுதான் சொன்னாள். "இந்தப் பதினொரு பக்கத்தையும் போட்டது என் தம்பி தனேஷ். கெட்டிக்காரன். இந்த வட்டாரத்தில் அவனைப்போல எழுத்தை அடுக்க ஆள் இல்லை. உங்கள் எழுத்தை நல்லபடியாகத்தான் வைத்திருந்தான்" என்று சொல்லி எழுதச் சொன்னேன். சரக்கு விற்கிறவனிடம், உன் சரக்கு நல்ல கையில் இருந்தது என்று சொன்னால் விலை இறங்கும். அதற்காகத்தான்.

நீளக்கைச் சட்டைக்காரன் மறுபடி வந்தான். மகள் ஜொகூரில் இருக்கிறாளாம், நம் முறுக்கைப் பார்த்து அனுப்பச் சொன்னாளாம், கடை இதுதானா என்று காட்டப் படம் எடுத்தானாம். ரெண்டு தகரம் வாங்கிப் போனான். அவன் தெரு முனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன்.

வீரம்மா


தெலுக் இந்தான்
26 செப்டம்பர் 2025, வெள்ளி

அக்கா,

நோட்டீஸ் அனுப்பிய வக்கீலிடம்தான் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்தது. கடையில் இருந்த காலத்தில் எனக்கு நேராக ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் தெலுக் இந்தான் பக்கம் தலைவைத்தே படுத்திருக்கமாட்டேன். எப்படியோ, என்னை மாட்டிவிட்ட அந்த வரியைத்தான் நாலு தடவை படித்தேன்.

பொத்தான் என் தப்பு. கம்ப்யூட்டரில் பார்த்தேன், சின்ன ஃபோனில் பார்க்கவில்லை. முக்தா மலரை எடுத்துவிட்டு ஹிந்த் மதுரை போட்டேன். நம் பெயர்களுக்கு அது அடக்கமாக உட்காருகிறது. மூன்று ஃபோனில் பார்த்துவிட்டேன். ஆர்டர் ரசீதிலும் தீபாவளி விலைப்பட்டியலிலும் கெல்பிரான் ஒளிந்திருந்தது, அதையும் எடுத்தாயிற்று.

உங்கள் பத்துக் கேள்விக்கும் ஒரே பதில். இந்தச் சும்மாவும் அந்தச் சும்மாவும் ஒன்றில்லை. போன தடவை நான் எடுத்த இடத்தில் எடுத்துக்கொள் என்று சொன்னவன் அதை வரைந்தவன் இல்லை. இப்போது வரைந்தவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள். ஓபன் ஃபான்ட் லைசன்ஸ் என்று அதற்குப் பெயர். வியாபாரத்துக்கு எடுக்கலாம், தளத்தில் வைக்கலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனிச்சரக்காக விற்கக் கூடாது. கொடுக்கும்போது அந்த உரிமத்தாளையும் கூடவே கொடுக்க வேண்டும். அவர்களுக்கு என்ன லாபம் என்று எனக்கும் முழுதாகத் தெரியாது. சிலருக்கு வேறு இடத்தில் சம்பளம் வருகிறது. அச்சடித்த தாளைத் தகரத்தில் வைத்திருக்கிறேன். குமுதாவை வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள்.

விமலாதேவி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கார் நின்றாலும் நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். "போலீஸ் கேஸோன்னு நெனைச்சேன்லா. எழுத்துக்கா இந்த ஓட்டம்?" என்றார். பிறகு முகம் மாறி, என் பக்கத்திலேயே நின்று எல்லா மெஷினிலும் அழிக்கவைத்தார். வேலை இருக்கிறது. இருக்குமா என்று தீபாவளிக்குப் பிறகு சொல்வாராம்.

மற்றப் பத்தையும் இங்கிருந்து செய்ய முடியாது. மாயாண்டி அண்ணனுக்குத் தன் கடவுச்சொல்லே தெரியாது. நாளைக் காலைப் பேருந்தில் வருகிறேன், முப்பதுக்குள் முடிக்கப் பார்க்கிறேன். ஆனால் இந்தத் தடவை சும்மா வரமாட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்பதை நேரில் சொல்கிறேன். மாவு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் எழுந்து ஷட்டரைத் தூக்கிவையுங்கள். நான் குனிந்து வரமாட்டேன்.

தனேஷ்


புந்தோங்
3 அக்டோபர் 2025, வெள்ளி

தம்பி தனேஷுக்கு,

வக்கீலிடமிருந்து பதில் வந்துவிட்டது. நேற்றுக் காலையில் வந்தது, மத்தியானம் வரைக்கும் நான் திறக்கவில்லை. குமுதாதான் "அக்கா, நானே தொறக்கவா?" என்று கேட்டுத் திறந்தாள். அவள் படித்து முடிக்கும் வரை நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு பக்கத்தையும் அவர்கள் ஆள் பார்த்துவிட்டானாம். எங்கும் கெல்பிரான் இல்லையாம். மற்றப் பத்துப் பேரும் எடுத்துவிட்டோம், இனி எடுக்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டதே போதுமாம். நம் தளத்தில் மட்டும்தான் விற்பனை நடந்ததால், ஓடிய இரண்டு வருஷத்துக்கு உரிமம் நாம் வாங்கியே ஆக வேண்டுமாம். நான் மறுபடி எழுதினேன். வேண்டாம் என்றுதான் நீ சொல்லிவிட்டுப் போனாய். ஆனால் மற்றப் பத்துப் பேரையும் காட்டிக்கொடுத்தவள் நான், உங்கள் ஆளுக்குப் பாதி வேலை மிச்சம், அதற்கு ஏதாவது குறையுங்கள் என்று கேட்டேன். குறைத்தார்கள். மூவாயிரத்து இருநூறு ரிங்கிட். இன்றைக்கே கட்டிவிட்டேன். தளம் ஓடுகிறது. அடுப்படி ஓடுகிறது.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் வந்தார்கள். மாயாண்டி இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் சுண்டல் வாங்கிக்கொண்டான். பலகைக்குப் பொட்டு வைக்கும்போது சதாசிவம் ஐயா, உரிமத்தாளையும் சாமி படத்தடியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். இன்னும் இமெயில் சத்தம் கேட்டால் நான் குமுதாவைத்தான் கூப்பிடுகிறேன். அது போக நாளாகும்.

நீ கேட்டதை நேரில் ஒத்துக்கொண்டேன், தாளிலும் போடுகிறேன். பிறகு ஒருத்தரும் மாற்றிப் பேசக் கூடாது. நம் கடைக்கு நீ செய்யும் வேலைக்கு மாதம் அறுநூறு ரிங்கிட், முதல் வாரத்துக்குள். எந்த எழுத்தைப் போட்டாலும் அதன் உரிமத்தாளை எனக்குக் காட்டிவிட்டுப் போட வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியது என்று நீ சொன்னால், வேலைக்காரப் பெண்கள் முன்னால் நான் வாய் திறக்கமாட்டேன், வாங்குவேன். மற்றக் கடைகளுக்கு நீ மாற்றிக் கொடுத்ததற்குக் கடைக்கு நூற்றைம்பது, அதை நான் வசூலித்து அர்ச்சுனனிடம் அனுப்புவேன். மாயாண்டி பங்கு என் கையிலிருந்து. கோயிலுக்கு மட்டும் சும்மா. அந்தச் சும்மாவையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்துச் சதாசிவம் ஐயாவிடம் கொடுத்துவிடு.

உன் அக்கா
வீரம்மா